வம்சாவளியை அச்சடித்து வைப்பது வீண் வேலையா?

கேள்வி, 6 ஜனவரி 2024

மூன்று வருஷமாகக் குடும்பத்தின் பழைய கதைகளைத் தேடிச் சேர்க்கிறேன். எல்லாம் செல்போனிலும் கூகுள் டிரைவிலும் பத்திரமாக இருக்கிறது. அப்பாதான் "அச்சடித்து ஒரு கட்டாக வையேன்" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். நாளைக்கு ஒரு பெயர் மாறினால் திரும்ப முதலிலிருந்து அச்சடிக்கணும். இந்தக் காலத்தில் தாள் எதற்கு? வீண் செலவுதானே?

6 ஜனவரி 2024

அப்பா சொல்வதைக் கேளுங்கள் தம்பி. எங்கள் வீட்டுச் சுவரில் இன்னும் ஈரம் காயவில்லை, அந்தச் சூட்டோடு எழுதுகிறேன்.

டிசம்பர் 17 மழையைப் பற்றி நம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். மறுநாள் தாமிரபரணி ஆறு திருநெல்வேலியில் எங்கள் சிந்துபூந்துறைக்குள் வந்தது. எங்கள் வீட்டில் இடுப்பளவுத் தண்ணீர். கணினி போயிற்று, அதில் சொருகிக் கிடந்த ஹார்டு டிஸ்கும் போயிற்று. டிரைவில் பாதிதான் ஏற்றியிருந்தேன், மிச்சத்தைப் பொங்கல் லீவில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன். பதினோரு வருஷம் தேடியது. அதில் இன்று முழுசாகக் கையில் இருப்பது, 2021-ல் அச்சடித்து அம்பாசமுத்திரத்தில் சித்தியிடம் கொடுத்துவைத்த ஒரு கட்டு. சித்தி அதைப் பட்டுச்சேலைகளோடு பீரோ மேல்தட்டில் வைத்திருந்தாள்.

8 ஜனவரி 2024

மேலே எழுதியதைத் திரும்பப் படித்தால், தாள் என்றாலே பிழைத்துவிடும் என்பதுபோலத் தொனிக்கிறது. அப்படி இல்லை. எங்கள் வீட்டிலேயே இரண்டு கட்டு இருந்தது, இரண்டும் அலமாரி அடித்தட்டில், இரண்டும் இரண்டு நாள் தண்ணீருக்குள் கிடந்தன.

ஒன்று வீட்டுப் பிரிண்டரில், மை தெளிக்கும் இங்க்ஜெட்டில், வண்ணத்தில் எடுத்தது. பிரித்துப் பார்த்தபோது ஒவ்வொரு பக்கமும் ஈரத் தரையில் கோலப்பொடி கொட்டினதுபோல இருந்தது. ஆச்சியின் பெயர் இருந்த இடத்தில் ஒரு நீலத் திட்டு, அதைச் சுற்றி வெளிர்சிவப்பு வளையம். ஒரு எழுத்து தேறவில்லை. இன்னொன்று ஜெராக்ஸ் கடையில் லேசர் பிரிண்டரில் கறுப்பில் எடுத்தது. சேறு அப்பியிருந்தது, ஓரம் சுருண்டிருந்தது, ஆனால் எழுத்து ஒன்றுகூட அசையவில்லை. காரணம் எளிதுதான்: இங்க்ஜெட் மை பெரும்பாலும் தண்ணீரில் கரையும் சாயம், தாளுக்குள் ஊறித்தான் நிற்கிறது. லேசரின் டோனர் மெல்லிய பிளாஸ்டிக் தூள், அதைச் சூட்டில் உருக்கித் தாளோடு ஒட்டுகிறார்கள். தண்ணீருக்கு அங்கே வேலை இல்லை.

நனைந்த கட்டை எப்படிக் காயவைத்தேன் என்றும் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும். பதற்றத்தில் ஒவ்வொரு தாளாக உரிக்கக் கூடாது. உரித்தால் கிழியும். பத்துப் பதினைந்து தாளாகச் சேர்த்தே எடுத்துப் பழைய வேட்டிமேல் பரப்பி, நிழலில் காற்றாட விடவேண்டும். வெயிலில் போட்டால் நெளிந்து மொடமொடத்துப் போகும். இரண்டு நாளுக்குள் காயாவிட்டால் பூஞ்சணம் பிடித்துவிடும். அதனால் அன்றைக்கே கை வைக்க முடியாததையெல்லாம் பிளாஸ்டிக் பையில் கட்டி, பாளையங்கோட்டையில் கரண்ட் வந்திருந்த ஒரு மாமா வீட்டு ஃப்ரிட்ஜின் ஐஸ் பெட்டியில் வைத்தேன். உறைந்த தாளில் பூஞ்சணம் வளராது, அவகாசம் கிடைக்கும். "மீன் வைக்கிற இடத்தில் முப்பாட்டனையா வைக்கே?" என்று அத்தை சிரித்தாள். ஆனால் இருந்த மீனை எடுத்துவிட்டு இடம் கொடுத்ததும் அவள்தான்.

9 ஜனவரி 2024

லேமினேட் செய்யலாமா என்று கேட்ட அக்காவுக்கு: புதிதாக அச்சடித்த தாளை வேண்டுமானால் செய்யுங்கள். பழைய பத்திரம், கடிதம், போட்டோ மூன்றையும் தயவுசெய்து செய்யாதீர்கள். சூட்டில் ஒட்டியதைத் திரும்பப் பிரிக்க வழியே கிடையாது. தாத்தா கொழும்பிலிருந்து எழுதிய ஒரு கடிதத்தை ஒரு கடையில் லேமினேட் செய்யக் கொடுத்தேன். உள்ளே குமிழ் விழுந்து, கையெழுத்தின்மேல் மடிப்பு ஏறி, இன்றைக்கும் அப்படியே இருக்கிறது.

13 ஜனவரி 2024

கட்டுப் போடுவதைப் பற்றி நிறைய பேர் கேட்டிருக்கிறீர்கள். என் பழக்கத்தைச் சொல்கிறேன்.

ஏ4 தாள், லேசர், ஒரு பக்கம் மட்டும். பின்பக்கம் வெறுமையாக இருக்கவேண்டும், அது பெரியவர்கள் சொல்வதை எழுதிக்கொள்வதற்கு. ஸ்டேப்ளர் பின்னும் ஜெம் கிளிப்பும் வேண்டாம், திருச்செந்தூர், உவரிப் பக்கக் கடல்காற்றில் சீக்கிரமே துருவேறித் தாளைத் தின்றுவிடும். ரப்பர் பேண்டு இளகி ஒட்டிக்கொள்ளும். செலோடேப் மஞ்சளாகிக் கறைவிடும். நூல் கட்டுங்கள். மெத்தென்று வழவழப்பாக இருக்கும் பி.வி.சி. உறையில் லேசர் தாளை வைத்தால் சில வருஷத்தில் எழுத்து உறையோடு ஒட்டிக்கொண்டு வரும். மொடமொடப்பான பாலிபுரொப்பிலீன் உறையில் அந்தத் தொல்லை இல்லை.

பேருந்துச் சீட்டு, பில் மாதிரி வழவழப்புத் தாளில் வரும் ரசீதுகள், பழைய ஃபேக்ஸ் இவை எல்லாம் சூட்டில் கறுக்கும் தாள். சில வருஷத்தில் வெளுத்துப் போகும். கையில் கிடைத்த அன்றே நகல் எடுத்துவிடுங்கள்.

ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் மூன்று விஷயம் அச்சாகவேண்டும்: அச்சடித்த தேதி, மொத்தப் பக்கத்தில் எத்தனையாவது, அந்தச் செய்தி எங்கே கிடைத்தது. மூன்றாவதை விட்டுவிட்டால் பத்து வருஷம் கழித்து உங்கள் கட்டே உங்களுக்கு யாரோ சொன்ன வதந்தியாகிவிடும்.

திருத்தம் வந்தால் மொத்தத்தையும் அச்சடிக்கவேண்டாம். அந்த ஒரு பக்கத்தை மட்டும் புதிதாக எடுத்து, பழையதைக் கிழித்துப் போட்டுவிட்டுச் சொருகினால் போதும். (இந்த வாக்கியத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், ஏப்ரல் 2 குறிப்பைப் பாருங்கள்.)

21 ஜனவரி 2024

பெயருக்கு எண் எதற்கு என்று ஒருவர் கேட்டார். நம் ஊரில் எண் இல்லாமல் ஒன்றும் ஓடாது. பேரன் என்ற சொல்லே பெயரன் தான். தாத்தா பெயர் பேரனுக்கு, ஆச்சி பெயர் பேத்திக்கு. சுடலைமுத்து, இசக்கியம்மாள், நெல்லையப்பன், காந்திமதி, இந்த நாலும் ஒரே குடும்பத்தில் தலைமுறைவிட்டுத் தலைமுறை வந்துகொண்டே இருக்கும். இதில் எந்த நெல்லையப்பன் நிலத்தை விற்றான் என்று கேட்டால் பெயரை வைத்துச் சொல்லிவிட முடியாது.

நான் வைத்திருக்கும் கணக்கு பழைய முறைதான். நான் 1. அப்பா 2, அம்மா 3. யாருடைய எண்ணையும் இரட்டித்தால் அவருடைய அப்பா, அதோடு ஒன்று கூட்டினால் அம்மா. ஆக அப்பாவின் அப்பா 4, அவருடைய அப்பா 8. அம்மாவைப் பெற்ற ஆச்சி 7. கூடப்பிறந்தவர்களுக்குச் சாய்கோடு: தாத்தாவின் முதல் பிள்ளையான பெரியத்தை 4/1, அவளுடைய மூத்த மகன் 4/1/1. மரமாக வரைந்த படம் பார்க்க அழகு, ஆனால் கட்டைத் தாங்குவது இந்த எண்தான்.

இதில் ஒரு நல்லது, பெண்வழி தானாக வந்து உட்கார்ந்துவிடுகிறது. எங்கள் வீட்டில் முன்பு எழுதிவைத்த வம்சாவளி நோட்டில் ஆண் பெயர் மட்டும்தான். ஏழு தலைமுறை ஆண்கள், ஒரு அம்மா பெயர்கூடக் கிடையாது. எண் போட ஆரம்பித்ததும் 5, 9, 11 என்று வரிசையாக வெற்றிடங்கள் பல்லைக் காட்டின. அந்த வெற்றிடங்களை நிரப்பத்தான் என் தேடலில் பாதிக் காலம் போயிற்று.

11 பிப்ரவரி 2024

வெள்ளத்தில் தப்பிய இன்னொன்று, 8-ஆம் எண்காரர், அதாவது தாத்தாவின் அப்பாவின் ஜாதக ஓலை. ஒரு சாண் நீளம். சித்தி வீட்டில் பிரம்புப் பெட்டிக்குள் வசம்போடு கிடந்தது. ஓரத்தில் பூச்சி தின்ற ஓட்டைகள்.

நெல்லைச் சீமையின் பழைய ஓலை, பத்திரம் எதை எடுத்தாலும் கொல்லம் ஆண்டு நிற்கும். இங்கே அது ஆவணி 1-ல் பிறக்கும். கொல்லம் எண்ணோடு, ஆவணியிலிருந்து டிசம்பர் வரைக்கும் 824, ஜனவரியிலிருந்து ஆடி கடைசி வரைக்கும் 825 கூட்டினால் இங்கிலீஷ் வருஷம். ஆடிக் கடைசியில் ஒரு சாவும் ஆவணி முதல் வாரத்தில் ஒரு பிறப்பும் நடந்தால் ஓலையில் இரண்டும் வேறு வேறு வருஷம். இதை மறந்தால் ஒரு வருஷம் புரளும். விகாரி, பார்த்திப என்று வருஷப் பெயரை மட்டும் நம்பினால் அறுபது வருஷமே புரளும், அதே பெயர் அறுபது வருஷத்துக்கு ஒருமுறை திரும்ப வரும். இரண்டும் சேர்ந்து இருந்தால்தான் பிடி கிடைக்கும்.

எங்கள் ஓலையில் இரண்டும் இருக்கிறது: விகாரி, கொல்லம் 1075, ஆவணி. அதாவது 1899 ஆகஸ்டு, செப்டம்பர். இதை அப்படியே அச்சில் ஏற்றியிருக்கிறேன்.

ஓலை வீட்டில் இருந்தால் ஆற்றிலோ தீயிலோ விட்டுவிடாதீர்கள். உ.வே. சாமிநாதையர் ஏடு தேடிக் கரிவலம்வந்தநல்லூருக்கு வந்தபோது, கோயிலுக்குச் சேர்ந்த ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தில் போட்டுவிட்டதாக அங்கே சொன்னதை அவரே தன் சரித்திரத்தில் எழுதியிருக்கிறார். அந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

28 மார்ச் 2024

பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குப் போய்வந்தேன். இந்த இழையின் முதல் கேள்விக்கு உண்மையான பதில் அங்கேதான் கிடைத்தது.

நமக்கெல்லாம் உத்திரம்தான் குலசாமி நாள். எங்கெங்கோ இருக்கிற பங்காளிகள் எல்லாம் அன்றைக்கு ஒரு ஆலமரத்தடியில் இருப்பார்கள். போன தடவை மடிக்கணினியைக் கொண்டுபோனேன். பெரியவர்கள் எட்டிப் பார்த்தார்கள், "நல்லாருக்குய்யா" என்றார்கள், பொங்கல் பானைப் பக்கம் போய்விட்டார்கள். இந்தத் தடவை ஏ3 தாளில் நாலு தலைமுறையை அச்சடித்து, நாலு மூலையிலும் கல் வைத்துப் பாயில் விரித்தேன். கூடவே நாலைந்து பென்சில். ஐந்து நிமிஷத்தில் பாயைச் சுற்றி இடமில்லை. "எங்கப்பா பேரை எங்க?" என்று ஒருத்தர் தேடினார். "இவளுக்கு வாக்கப்பட்ட ஊர் களக்காடு இல்ல, ஏர்வாடி" என்று இன்னொருத்தர் அடித்தார். இரண்டு சின்னையாக்களுக்குள் யார் மூத்தவர் என்று சண்டையே வந்தது, கடைசியில் மதினி ஒருத்தி கோயில் கொடைக்கு வசூலிக்கும் வரி நோட்டை எடுத்துவரச் சொல்லி, தலைக்கட்டு வரி (குடும்பத்துக்கு ஒன்று என்று போடும் வரி) எந்த வருஷம் யாருக்கு முதலில் விழுந்தது என்று பார்த்துத் தீர்த்துவைத்தாள். வரி நோட்டு வம்சாவளிக்கு இவ்வளவு பயன்படும் என்று எனக்கு அதுவரை தோன்றவில்லை. வருஷவாரியாகத் தலைக்கட்டுப் பெயர், யார் செத்தார், யார் தனிக்குடித்தனம் போனார், எல்லாம் அதில் இருக்கிறது.

பெரியத்தைக்கு எண்பத்தாறு வயசு. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலை வைத்து வாசித்துக்கொண்டே வந்தாள். இரண்டு இடத்தில் விரல் நின்றது.

முதல் இடம் அவளுடைய பெயருக்குக் கீழே. "ரெண்டாவது பிள்ளையைப் போடலியே" என்றாள். எனக்குத் தெரிந்து அவளுக்கு மகன் ஒருத்தன்தான். "பொம்பளப் பிள்ளை. எட்டு மாசம் இருந்துச்சு" என்றாள். அவளுடைய மகனுக்கே அது தெரியாது, அவருக்கும் வயசு அறுபதைத் தாண்டிவிட்டது. பென்சிலை அவள் கையில் கொடுத்தேன். ஆச்சியின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். எழுதினாள்.

இரண்டாவது இடம் மேலே, 8-ஆம் எண்ணில். "எங்கப்பா 1913-ல் பிறந்தாவன்னா, எங்க தாத்தா 1899-ஆ? பதினாலு வயசிலயா பிள்ளை பெத்தாரு?"

நான் இதை எத்தனை தடவை திரையில் பார்த்திருப்பேன். இரண்டு பெயரும் வேறு வேறு பக்கத்தில் இருந்ததால் கண்ணில் படவே இல்லை.

2 ஏப்ரல் 2024

பிப்ரவரி 11 குறிப்பைத் திருத்துகிறேன். ஓலையைத் திரும்ப எடுத்தேன். விளக்குக் கரியை எலுமிச்சைப்புல் எண்ணெயில் குழைத்து மெல்லத் தடவித் துடைத்ததும் கீறல்கள் கறுப்பாக எழுந்து நின்றன. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன்.

வருஷப் பெயரில் "விக" வரைக்கும்தான் இருக்கிறது, அதற்கப்புறம் ஓட்டை. ஓலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளியும் கிடையாது. ஆக விக்கிரமவாகவும் இருக்கலாம், விகிர்தியாகவும் இருக்கலாம், விகாரியாகவும் இருக்கலாம். அந்த அறுபது வருஷ வட்டத்தில் முறையே 1880, 1890, 1899. நான் விகாரி என்று முதலிலேயே முடிவுகட்டிவிட்டு, எண்ணை அதற்குத் தோதாக ௲௭௰௫ என்று படித்திருக்கிறேன். இப்போது கரி ஏறியதும், பத்துக்கான ௰ குறிக்கு முன்னால் இருக்கும் எழுத்தும் பின்னால் இருக்கும் எழுத்தும் ஒரே உரு என்று தெளிவாகத் தெரிகிறது. ஏழும் ஐந்தும் ஒரே உருவாக இருக்க முடியாது. இரண்டும் ௬. கொல்லம் 1066, விகிர்தி, ஆவணி. 1890. மகன் பிறக்கும்போது அவருக்கு 22, 23 வயசு. பெரியத்தை சொன்னது சரி.

இன்னொரு திருத்தம். ஜனவரி 13-ல் பழைய பக்கத்தைக் கிழித்துப் போடச் சொன்னேன். செய்யாதீர்கள். 1899 என்று அச்சான பக்கமும், அதில் பெரியத்தை பென்சிலால் போட்ட வட்டமும் இப்போது என் கட்டில் தனி உறையில் இருக்கிறது. எப்படித் தவறினோம், யார் பிடித்தார், எந்த நாளில், இதுவும் குடும்பத்தின் வரலாறுதான். பழைய பக்கத்தில் குறுக்கே ஒரு கோடு, பக்கத்தில் தேதி, அது போதும்.

19 மே 2024

ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் மாவட்டம் எழுதும்போது இரண்டு எழுதுங்கள்: அன்றைக்கு இருந்தது, இன்றைக்கு இருப்பது. தூத்துக்குடி தனியானது 1986-ல், தென்காசி 2019-ல். சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கமெல்லாம் 1910-ல் ராமநாதபுரம் ஜில்லா உண்டாகும்வரை திருநெல்வேலி ஜில்லாதான். செங்கோட்டை 1949 வரைக்கும் திருவிதாங்கூர், அதற்கப்புறம் 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சி. செங்கோட்டையில் வாழ்க்கைப்பட்ட ஒரு பாட்டியின் சொத்துப் பத்திரத்தைத் திருநெல்வேலியில் தேடி நான் இரண்டு வருஷம் வீணாக்கினேன்.

9 ஜூன் 2024

பாளையங்கோட்டையிலிருந்து எழுதிய கிறிஸ்தவ நண்பருக்கு: உங்களுக்கு ஞானஸ்நானப் பதிவேடு, கல்யாணப் பதிவேடு என்று பெரிய கொடுப்பினை இருக்கிறது. பாளையங்கோட்டைச் சபையின் 1780-ஆம் வருஷப் பதிவேட்டில் நாற்பது பேரின் பெயர் இருக்கிறது, அதற்கு ஐந்து வருஷம் கழித்துத்தான் குளோரிந்தா அம்மாள் கட்டிய கோயிலே, நாம் பாப்பாத்தியம்மாள் கோயில் என்று சொல்லும் கோயில், எழுந்தது. எங்களுக்கு வரி நோட்டும் மொய் நோட்டும் கல்யாணப் பத்திரிகையும்தான். கல்யாணப் பத்திரிகையை யாரும் தூக்கிப் போடாதீர்கள். ஒரே தாளில் மூன்று தலைமுறையும் ஊரும் தேதியும் அச்சாகிக் கையில் கிடைப்பது வேறு எதில்?

6 ஆகஸ்ட் 2024

ஆடி அமாவாசைக்குத் தர்ப்பணம் கொடுக்கப் போனபோது, படித்துறையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பையன் கொள்ளுத்தாத்தா பெயர் தெரியாமல் அம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். மூன்று தலைமுறைப் பெயர், அதற்குத்தான் அந்தத் தேடல். எங்கள் கட்டின் முதல் பக்கத்தில் இப்போது அந்த மூன்று பெயரை மட்டும் பெரிய எழுத்தில் அச்சடித்து வைத்திருக்கிறேன், அப்பா வழி, அம்மா வழி இரண்டும்.

எல்லாவற்றையும் எல்லாருக்கும் கொடுக்கலாமா என்ற கேள்விக்கும் இப்போதே சொல்கிறேன். கூடாது. உயிரோடு இருப்பவர்களின் பிறந்த தேதி, போன் நம்பர், சொத்து விவகாரம் இவை வீட்டுக்கட்டோடு நிற்கட்டும். ஊருக்குக் கொடுக்கும் கட்டில் பெயரும் ஊரும் உறவும் போதும். பெரியத்தையின் குழந்தையை அச்சில் ஏற்றலாமா என்று அவளிடமே கேட்டுவிட்டுத்தான் ஏற்றினேன்.

15 டிசம்பர் 2024

வெள்ளம் வந்து வருஷம் ஆகப்போகிறது. கட்டின் இரண்டாம் பதிப்பு முடிந்தது. 84 பக்கம், லேசர், நூல் தையல், காலிகோத் துணி ஒட்டிய அட்டை. ஆறு பிரதி: அம்பாசமுத்திரம், களக்காடு, தென்காசி, தூத்துக்குடி, சென்னை, நம் வீடு. நம் வீட்டுப் பிரதி இனி அடித்தட்டில் கிடையாது, பரண்மேல். ஒரு பிரதி ஆற்றங்கரையில் இருந்தால் இன்னொன்று மேட்டில் இருக்கவேண்டும் என்று பார்த்துத்தான் வீடுகளைத் தேர்ந்தெடுத்தேன்.

கேள்வி கேட்ட தம்பி தன் அப்பாவிடம் முதல் கட்டைக் கொடுத்துவிட்டதாக எழுதியிருந்தார், அதில் முதல் நாளே பதினேழு திருத்தம் வந்ததாம். சந்தோஷம். பின்பக்கத்தை வெறுமையாக விட்டீர்களா?

களக்காட்டுப் பிரதியை நானே போய்ப் பெரியத்தையிடம் கொடுத்தேன். அட்டையைத் தடவிப் பார்த்தாள், பக்கம் புரட்டவில்லை. "அந்தப் பிள்ளைக்கு நம்பர் போட்டிருக்கியா?" என்று கேட்டாள். 31-ஆம் பக்கத்தை எடுத்துக் காட்டினேன். 4/1/2.